காய்ச்சல் தணிந்த பின்னும் நீளும் நோவு
பற்றை வெட்டித் திரும்பும் குடும்பங்களுக்கு உண்ணிக் காய்ச்சல் பற்றிய ஒரு பாடம்

சம்பூரில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்ட 2016 ஆம் ஆண்டு அது. 2006 இல் உடுத்த உடுப்போடு புறப்பட்டு, மட்டக்களப்பு வரை போய், பின்னர் கிளிவெட்டி முகாமில் தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் வருடங்களைக் கழித்த ஒரு குடும்பம் தன் வளவுக்குத் திரும்பியிருந்தது. பார்க்கப் போனேன். கிணறு எது, வேலி எது என்று தெரியாதபடி பற்றை மூடிக் கிடந்தது. குடும்பத் தலைவர் காட்டுக்கத்தியோடு நின்றார். "பாதர், பாம்புக்குத்தான் கொஞ்சம் பயம். மற்றதெல்லாம் பழகிப் போச்சு" என்றார்.

பாம்பு அவரைக் கடிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. தலையிடி பொறுக்க முடியவில்லை, உடம்பெல்லாம் உளைவு. மூன்று நாள் பனடோலோடு கிடந்தார். நான்காம் நாள் ஒரு தனியார் வைத்தியரிடம் போனார். டெங்கு இல்லை என்று சொல்லி அமொக்சிசிலின் கொடுத்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது, பேச்சும் தடுமாறியது. முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே கடமையிலிருந்த இளம் வைத்தியர் முதலில் கேட்டது, "ஐயா என்ன வேலை செய்தவர்?" என்று மனைவியிடம். பற்றை வெட்டினவர் என்றதும் உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். இவர் வெட்கப்பட்டார். சாரத்தை விலக்கிப் பார்த்தபோது தொடையும் வயிறும் சேரும் இடத்தில் ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. சுருட்டு நெருப்புப் பட்டுச் சுட்டது போல், ஒரு சிறு காசளவு. அது இருப்பது அவருக்குத் தெரியும். நோகவில்லை, கடிக்கவில்லை, முள்ளுக் கீறியது என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லை. வைத்தியர் அந்தப் பொருக்கைக் கண்டதும் மருந்தை மாற்றினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் எழுந்திருந்து தேநீர் கேட்டார்.

கதை இதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை அரைப் பக்கத்தில் எழுதியிருப்பேன். வீட்டுக்கு வந்த பின்னும் பல மாதம் அவருக்குக் களைப்பு விடவில்லை. காதில் இரைச்சல். அரை நாள் மண்வெட்டி பிடித்தால் அடுத்த நாள் படுக்கை. "உண்ணியின் நஞ்சு உடம்பில் நிற்குது" என்று அயலவர் சொன்னார்கள். எமது கிராமியக் கூட்டங்களில் அதன் பின்பு இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்தது. உண்ணிக் காய்ச்சல் வந்தவருக்கு வாதம் வருமா? சிறுநீரகம் பழுதாகுமா? மறதி வருமா? கிருமி உள்ளே ஒளிந்திருக்குமா? இந்தக் கேள்விகளுக்குக் கூடுமானவரை நேர்மையாக விடை சொல்வதே இப்பாடத்தின் நோக்கம்.

லைம் என்னும் ஊரின் கதை

இதே கேள்வியை உலகின் இன்னொரு மூலையில் ஐம்பது வருடமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலத்தில் லைம் என்றொரு ஊர் உண்டு. காடும் மான்களும் வீட்டு முற்றம் வரை வரும் ஊர். அங்கும் அயலூர்களிலும் பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. சிறுவருக்கு வரும் மூட்டுவாதம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்த வாதம் அரிதானது. ஒரே தெருவில் பல பிள்ளைகளுக்கு எப்படி வரும் என்று இரண்டு தாய்மார் சந்தேகப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான பொலி மறே, யாருக்கு எப்போது என்ன வந்தது என்று வருடக்கணக்காகக் குறித்து வைத்திருந்தவர். 1975 இல் அவர்கள் சுகாதார அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அலன் ஸ்ரியர் என்ற இளம் வைத்தியர் ஆராய வந்தார். 1981 இல் வில்லி பேர்க்டோர்பர் என்ற பூச்சியியலாளர் மான் உண்ணியின் வயிற்றில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு அது வெளியிடப்பட்டது. எலிக்காய்ச்சல் கிருமிக்குத் தூரத்து உறவு அது.

தாய்மார் குறித்து வைத்த ஒரு கொப்பியில் இருந்து ஒரு நோயே வெளிச்சத்துக்கு வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்கவும். பின்னால் அது பயன்படும்.

லைம் நோய் உண்ணி கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்து விரியும் வட்டமாகத் தொடங்கும். ஆரம்பத்தில் கண்டால் இரண்டு, மூன்று கிழமைக் குளிசையில் பெரும்பாலானோர் சுகமடைவார்கள். காணாமல் விட்டால் மூட்டு, நரம்பு, சில வேளை இதயம் வரை போகும். ஆனால் சரியாக மருந்தெடுத்தவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குக் களைப்பும் உளைவும் மறதியும் மாதக்கணக்கில் நீள்கின்றன. இங்கேதான் சண்டை தொடங்கியது. கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது, வருடக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்று ஒரு சாரார். தீராத களைப்பு, நரம்பு நோய்கள், முதுமை மறதி எல்லாவற்றுக்கும் லைம் கிருமியே வேர் என்று சொல்லுமளவுக்கு அவர்களில் சிலர் போனார்கள். சான்று எங்கே என்று மற்றச் சாரார்.

ஆராய்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 2001 இலும் ஒல்லாந்தில் 2016 இலும் வெளியான கவனமான ஆய்வுகளில், நீண்டகாலம் மருந்து பெற்றவர்கள் வெறும் மாத்திரை பெற்றவர்களை விடக் கூடுதலாகச் சுகமடையவில்லை. நாளத்தில் குழாய் வைத்து மாதக்கணக்காக மருந்து ஏற்றியதால் இரத்தத்தில் வேறு கிருமி புகுந்து இறந்தவர்களும் உண்டு. அதற்காக அவர்களின் நோவு பொய் என்று ஆகிவிடவில்லை. நோவு மெய். அதற்குச் சொல்லப்பட்ட ஒற்றைக் காரணந்தான் நிரூபிக்கப்படவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் அங்கே நோயாளரும் வைத்தியரும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கும் நிலை வந்தது. எமக்கு அந்த நிலை வரக்கூடாது.

எமது பற்றைகளில் இருப்பது

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் லைம் நோயைப் பரப்பும் உண்ணி இனங்கள் எமது காடுகளுக்கு உரியவை அல்ல. இணையத்தில் எதையோ வாசித்துவிட்டு "எனக்கு லைம்" என்று பயந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். ஆனால் எமக்கென்று வேறு உண்டு.

இலங்கையில் உண்ணிக் காய்ச்சல் என்ற ஒரே பெயரில் முக்கியமாக இரண்டு நோய்களைச் சொல்கிறோம். ஒன்று உண்ணி கடிப்பதால் வரும் புள்ளிக் காய்ச்சல். மத்திய மலைநாட்டில் கூடுதலாகக் காணப்படுவது. மற்றது உண்ணிக்கு உறவான, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அதிகம் கண்டது இதைத்தான். வைத்தியர்கள் 'ஸ்கிரப் ரைபஸ்' என்பார்கள். ஸ்கிரப் என்றால் பற்றை. நாமும் இக்கட்டுரையில் பற்றைக் காய்ச்சல் என்றே சொல்வோம். சம்பூர் விவசாயிக்கு வந்தது இதுதான்.

பெயரே காரணத்தைச் சொல்கிறது. அடர்ந்த பெருங்காட்டை விட, வெட்டிப் பயிர் செய்து பின் கைவிட்ட நிலமே இப்பூச்சிக்கு விருப்பமான இடம். மனிதர் போன நிலத்தில் முதலில் புல்லும் முள்ளும் வரும். அதன் பின் எலி வரும். எலியின் காதில் ஒட்டிப் பூச்சிக் குஞ்சு வரும். அதாவது, இடப்பெயர்வு என்ற ஒன்று இந்த நோய்க்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. 1984 இல் விட்டுப் போன தென்னமரவாடிக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்பியவர்களும், சம்பூர், கூனித்தீவுப் பக்கத்துக்கு ஒரு தசாப்தத்தின் பின் திரும்பியவர்களும் கையில் கத்தியோடு போய் இறங்கியது இப்படிப்பட்ட நிலத்தில்தான். இரண்டாம் உலகப் போரில், திருகோணமலைத் துறைமுகம் போர்க்கப்பல்களால் நிறைந்திருந்த அந்த ஆண்டுகளில், பர்மாவிலும் இலங்கையிலும் பற்றைக்குள் பாளையமிட்ட படையினரை இந்தக் காய்ச்சல் வாட்டியது. உடுப்பில் பூசிக்கொள்ளப் பூச்சி விரட்டும் எண்ணெய் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எமது விவசாயிக்கு அதைக் கொடுக்க ஒருவருமில்லை.

பூச்சிக் குஞ்சின் பருமன் ஒரு மில்லிமீற்றரில் ஐந்திலொன்று. வாழ்நாளில் ஒரே ஒரு முறை மட்டும் ஓர் உயிரைக் கடிக்கும். குஞ்சுப் பருவம் கடந்தபின் மண்ணில் சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும். அப்படியானால் நோய் எப்படித் தொடர்கிறது? தாய்ப் பூச்சி தன் முட்டைக்குள்ளேயே கிருமியைக் கொடுத்து விடுகிறது. பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கும் குஞ்சு. இவை நிலமெங்கும் பரந்திருப்பதில்லை. இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டாகக் கூட்டமாய் இருக்கும். நான்கு பேர் ஒன்றாய் வெட்டியும் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருவது இதனாலாக இருக்கலாம். அவர் செய்த பாவமும் அல்ல, செய்வினையும் அல்ல.

பொருக்கைத் தேடுங்கள்

கடித்து ஆறு நாள் முதல் மூன்று கிழமைக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டாம் நாளளவில் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் பற்றை வெட்டியதையே மறந்து போவோம். காய்ச்சல், கடும் தலையிடி, உளைவு, அக்குளிலோ கவட்டிலோ நெறி கட்டுதல், இருமல், சிலருக்கு உடம்பில் மங்கலான சிவப்புப் புள்ளிகள். இவற்றில் பல டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் உண்டு. இரத்தத் தட்டணுக்கள் பற்றைக் காய்ச்சலிலும் குறையும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு செய்த அழிவைக் கண்ட மாவட்டம் இது. காய்ச்சல் என்றதும் டெங்குவை நினைப்பது சரிதான். டெங்கு இல்லை என்று வந்தபின்னும் காய்ச்சல் விடவில்லை என்றால் அடுத்ததை நினைக்க வேண்டும். 2024 இறுதியில் வெள்ளம் வடிந்தபின் யாழ்ப்பாணத்தில் மர்மக் காய்ச்சல் என்று பயந்தார்கள். உயிர்களைப் பறித்த பின்னரே அது எலிக்காய்ச்சல் என்று உறுதியானது.

பற்றைக் காய்ச்சலைக் காட்டிக் கொடுப்பது அந்தக் கறுத்த பொருக்கு. எல்லோருக்கும் வராது, வந்தால் பெரிய சாட்சி. உடுப்பு இறுகும் இடங்களிலும் தோல் மடியும் இடங்களிலும் அது ஒளிந்திருக்கும்: கவடு, அக்குள், அரைஞாண் கட்டும் இடம், பெண்களுக்கு மார்பின் கீழ், பிள்ளைகளுக்குக் காதின் பின்னும் தலைமுடிக்குள்ளும். எமது ஆட்கள் வைத்தியருக்கு முன் உடுப்பை விலக்குவதில்லை. நெருக்கடியான வைத்திய அறையில் அவரும் கேட்பதில்லை. ஆகவே வீட்டிலேயே பார்த்துக் கொள்ளுங்கள். கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனும், கிழவிக்கு மகளும் பார்த்து, கண்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பெண் நோயாளி பெண் வைத்தியரையோ தாதியையோ பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

மருந்து விலை கூடியதல்ல. டொக்ஸிசைக்கிளின் என்ற பழைய குளிசை, கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். பெனிசிலினும் அமொக்சிசிலினும் இக்கிருமியைத் தொடுவதில்லை. சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். அப்படி விடுவதே நோயை உறுதிப்படுத்தும் ஓர் அடையாளமும் ஆகும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான இரத்தப் பரிசோதனை உண்டு. ஆனால் அது தேடும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றவே ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும். அதனால் நல்ல வைத்தியர் முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார். மருந்தில்லாது விடப்பட்ட நோயாளரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பேர் இறந்ததாக, பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்த ஒரு கணக்கு சொல்கிறது. நுரையீரல், மூளையுறை, சிறுநீரகம் பாதிக்கப்பட்டே அப்படி இறக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டுப் பாமசியில் குளிசை வாங்கிப் போட வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக வயல் வேலைக் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் கொடுக்கும் குளிசையும் இதே இனந்தான். வீட்டில் மிச்சம் கிடக்கிறது என்று காய்ச்சலுக்கு இரண்டு போட்டால் நோய் மறையாது. அதன் முகம் மட்டும் மறைந்துவிடும்.

காய்ச்சல் போன பின்

இனி முதற் கேள்விக்கு வருவோம். கிருமி உள்ளே தங்குமா?

தங்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. பற்றைக் காய்ச்சலுக்கு முதன்முதலாக மருந்து கண்டவர்களில் ஒருவரான ஜோசப் ஸ்மடெல் என்பவரும் கூட்டாளிகளும் 1952 இல் ஒன்றை வெளியிட்டார்கள்: நோயிலிருந்து முற்றாகச் சுகமடைந்து ஓராண்டுக்கு மேலான சிலரின் நெறிகளில் கிருமி உயிரோடு இருந்தது. ஆனால் அந்த மனிதர்கள் நோயாளராக இருக்கவில்லை. கிருமி ஓரத்தில் உறங்குவது வேறு, நோய் செய்வது வேறு. உறங்கும் கிருமிதான் களைப்பையும் வாதத்தையும் தருகிறது என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. "மருந்தை இன்னும் மூன்று மாதம் போடுவோம்" என்று யாராவது சொன்னால், லைம் நோயாளர் கண்ட அனுபவத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

காதுக்கு வருவோம். றாகமையில் பணியாற்றிய பேராசிரியர் ரஞ்சன் பிரேமரத்னவும் குழுவினரும் பற்றைக் காய்ச்சலோடு திடீரெனக் காது மந்தமானவர்களைப் பற்றி 2006 இல் எழுதினார்கள். பலருக்கு மருந்தின் பின் கேள்வி திரும்புகிறது. கடும் காய்ச்சலோடு காது அடைத்தால், "குளிரில் அடைத்தது" என்று எண்ணெய் விடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மூட்டு நோவின் கதை இன்னும் சிக்கலானது. 2006 கடைசியில் எமது மாவட்டம் உட்படப் பல இடங்களில் சிக்குன்குனியா பரவியது. குனிந்த முதுகு நிமிராமல் எத்தனை பேர் முகாம்களில் நடந்தார்கள் என்பது எமக்கு நினைவிருக்கிறது. அக்காலத்தில் சிக்குன்குனியா என்று கருதப்பட்ட நோயாளரில் சிலருக்கு உண்மையில் உண்ணிக் காய்ச்சல் இனத்துத் தொற்று இருந்ததற்கான சான்றை அதே பேராசிரியரின் குழு 2011 இல் வெளியிட்டது. சிக்குன்குனியாவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்தில்லை. உண்ணிக் காய்ச்சலுக்கு உண்டு. மருந்துள்ள நோயை மருந்தில்லாத நோய் என்று எண்ணிச் சகித்துக் கிடந்தவர்கள் எத்தனை பேரோ.

களைப்பைப் பற்றி என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். கடும் காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்கு, அதுவும் ஒன்பது நாள் மருந்தில்லாமல் கிடந்தவருக்கு, உடல் தேறச் சில மாதம் எடுப்பது இயல்பு. உழைத்தால் மட்டுமே சோறு என்ற வீட்டில் அந்தச் சில மாதம் கிடைப்பதில்லை. சம்பூர்க்காரர் படுக்கையிலிருந்து எழுந்து இரண்டாம் கிழமையே வேலிக்குக் கதியால் போட்டார். பத்து வருடம் காத்திருந்த காணி, எப்படி ஓய்ந்திருப்பார்? அயலவர் முறைவைத்து அவருக்கு இரண்டு நாள் வேலை செய்து கொடுத்தது எந்தக் குளிசையையும் விட உதவியது. காதிரைச்சலும் மெல்ல மெல்ல விட்டது.

வரம்பில் யானையின் அடிச்சுவடு

சிறுநீரகத்தைப் பற்றித்தான் கூட்டங்களில் அதிகம் கேட்கிறார்கள். வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எமது மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கத்திலும் உண்டு. நெல் விவசாயிகளின் நோய் அது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, கிருமிநாசினிகள், வெயிலில் தண்ணீரின்றி வேலை செய்தல் என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். தொற்று நோய்களையும் ஆராய்கிறார்கள். எலிகள் காவும் ஹன்டா என்ற வைரசுக்கு எதிரான எதிர்ப்பொருள் இந்நோயாளரின் இரத்தத்தில் மற்றவர்களை விடக் கூடுதலாக இருப்பதை இலங்கை, ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். எலிக்காய்ச்சல் முன்பு தொற்றியவர்களுக்குச் சிறுநீரகத்தின் வேலை சற்றுக் குறைந்திருப்பதைத் தாய்வானில் 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவற்றை எப்படி விளங்கிக் கொள்வது? காலையில் வரம்பில் யானையின் அடிச்சுவட்டைக் காண்கிறோம். யானை வந்து போனது என்பது அதிலிருந்து நிச்சயம். நேற்றிரவு சாய்ந்த வாழையை அந்த யானைதான் சாய்த்ததா, காற்றுச் சாய்த்ததா என்பதை அடிச்சுவடு மட்டும் சொல்லாது. எதிர்ப்பொருள் என்பது கிருமியின் அடிச்சுவடு. கிருமி போய் வருடங்கள் ஆனபின்னும் அது இரத்தத்தில் இருக்கும். ஆகவே ஒரு பரிசோதனையில் உண்ணிக் காய்ச்சல் என்று வந்தால், எப்போதோ வந்தது என்று மட்டுமே அது சொல்லக்கூடும். இன்றைய நோவுக்கு அதுதான் காரணம் என்று சொல்லாது. சந்தேகம் தீர்க்கவென்று மாட்டை விற்று, கொழும்பு வரை போய், ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். அதைவிடச் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் சாதாரண இரத்த, சிறுநீர்ப் பரிசோதனையை அரச கிளினிக்கில் வருடம் ஒருமுறை செய்வது பயன் தரும். கடும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்கள் தேறிய பின் அதை ஒருமுறை கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

உண்ணியின் மேல் போட்ட பழி

இன்னொரு வீட்டையும் சொல்லியாக வேண்டும். மூதூர்ப் பக்கத்தில் தனித்து மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய். காய்ச்சல் வந்து, வைத்தியசாலையில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்பட்டு, மருந்தெடுத்துச் சுகமானவர். சில மாதத்தின் பின் விரல்கள் நோகத் தொடங்கின. காலையில் எழும்பும்போது கை மடங்காது. வெயில் ஏறினாற்தான் இளகும். "உண்ணி விட்ட நோ" என்று அவரே முடிவு செய்தார். பரியாரியாரின் எண்ணெய், பிறகு ஒருவர் கொடுத்த தூள், பிறகு நூல் கட்டு. என்னிடமும் கேட்டார். நானும் "காய்ச்சலின் பின் அப்படித்தான் இருக்கும், அம்மா" என்றேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கம்.

இரண்டு வருடத்தின் பின் கிளினிக்கில் பார்த்தபோது அது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தின்னும் மூட்டுவாதம் என்று தெரிந்தது. அதற்கு மருந்து உண்டு; தொடக்கத்தில் எடுத்தால் மூட்டைக் காக்கும். அவருக்கு இரண்டு விரல்கள் வளைந்துவிட்டன. மருந்து இப்போது மற்ற விரல்களைக் காக்கிறது. லைம் ஊரில் கிருமியால் வந்ததை வாதம் என்றார்கள். இங்கே வாதத்தைக் கிருமி என்றோம்.

ஆகவே காய்ச்சல் விட்டு மூன்று மாதத்தின் பின்னும் நோவோ களைப்போ இருந்தால், "அது உண்ணி" என்று மூடி வைக்காமல் புதிய நோய்க்குப் போவது போலவே போங்கள். நீரிழிவு, இரத்தச்சோகை, தைரொயிட், பின்னேரக் காய்ச்சலும் மெலிவும் இருந்தால் காசநோய் ஆகியன எல்லாம் பார்க்கப்பட வேண்டியவை. ஒன்றும் இல்லையென்று வந்து, நித்திரையில்லை, அழுகை வருகிறது, வேலையில் மனம் செல்லவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். போரில் பிள்ளையைக் கொடுத்தவருக்கும் காணியைப் பத்து வருடம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவருக்கும் உடம்பு களைப்பது நடிப்பல்ல. அதற்கும் கிளினிக் உண்டு.

பற்றைக்குப் போகும் முன்

காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக் கொள்ளுங்கள். வெட்டிய புல்லின் மேல் உட்காருவதும், சட்டையைக் கழற்றிப் பற்றையில் போடுவதும், குழந்தையைத் தறப்பாள் விரிக்காமல் கிடத்துவதும் வேண்டாம். வேலை முடிந்த கையோடு, சாப்பிட முன், உடம்பைத் தேய்த்துக் குளித்து உடுப்பை மாற்ற வேண்டும். பூச்சிக் குஞ்சு கடிக்க இடம் தேடி உடம்பில் சற்று நேரம் அலையும், அதற்குள் சவர்க்காரத்தோடு போய்விடும். கழற்றிய உடுப்பை அன்றே தோய்த்து வெயிலில் போடுங்கள். கொட்டிலைச் சுற்றி நான்கு பாகம் துப்பரவாக இருக்கட்டும்; நெல் மூட்டை எலிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் விடுவதும் நெருப்புக்குச்சியால் சுடுவதும் கூடாது. தோலோடு ஒட்டிச் சாவணத்தால் பிடித்து நேரே மெதுவாக இழுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவினால் போதும். காதுக்குள் உண்ணி புகுந்த பிள்ளையை வைத்தியசாலைக்கே கொண்டு போங்கள். வீட்டில் ஊசி, ஈர்க்கில் விட வேண்டாம்.

பொலி மறேயின் கொப்பியை நினைவிருக்கிறதா? வீட்டில் பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்று கிடக்கும். பற்றை வெட்டிய திகதி, யார் யார் வெட்டினார்கள், காய்ச்சல் தொடங்கிய திகதி, போட்ட குளிசையின் பெயர், இவ்வளவையும் அதில் எழுதி வையுங்கள். ஒரே காணியில் வெட்டிய இருவருக்குக் காய்ச்சல் வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வைத்தியருக்கு முன்னால் பயத்தில் எல்லாம் மறந்து போகும். கொப்பியைத் திறந்து காட்டி, "ஐயா, இன்ன திகதி பற்றை வெட்டினனான், இன்ன திகதி காய்ச்சல் தொடங்கினது, இந்த இடத்தில ஒரு பொருக்கு இருக்குது" என்று சொல்லுங்கள்.